நாள் தள்ளும் முன்பே போட வேண்டிய மாத்திரை

குமரி மாவட்டத்தில் புதுக்கடைப் பக்கம் கல்யாணம் முடிந்து மூன்று மாதம் ஆனால் போதும், சடங்கு வீட்டிலும் கோயிலிலும் சபையிலும் அந்தக் கேள்வி வந்துவிடும்: "விசேஷம் உண்டா மக்ளே?" ஒரு வருடம் கழிந்தால் கேட்பவர்களின் குரல் தணியும். அதற்குள் பீரோவில் ஒரு ஃபைல் சேர்ந்திருக்கும். தைராய்டு, ஏ.எம்.எச்., ஃபோலிக்குலர் ஸ்கேன், கணவரின் விந்துப் பரிசோதனை. மார்த்தாண்டத்தில் தொடங்கும் ஃபைல் நாகர்கோவிலுக்குப் போகும்; அங்கிருந்து திருவனந்தபுரத்துக்கும் போகும். இப்போதெல்லாம் அந்த ஃபைலுக்குள் புதிதாக ஒரு தாள் நுழைகிறது. எம்.டி.எச்.எஃப்.ஆர். மரபணுப் பரிசோதனை.

தாளில் விஷயம் இரண்டே வரிதான். 677-ஆம் இடத்தில் 'சி' இருக்க வேண்டிய இடத்தில் 'டி'. 1298-ஆம் இடத்தில் 'ஏ' இருக்க வேண்டிய இடத்தில் 'சி'. எதிரே 'ஹெட்டரோசைகஸ்' என்று ஒரு சொல்; தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் அந்த மாற்றம் வந்திருக்கிறது என்று அர்த்தம். இரண்டு பேரிடமிருந்தும் வந்திருந்தால் 'ஹோமோசைகஸ்'. பக்கத்தில் 'பாசிட்டிவ்' என்று தடித்த எழுத்து. அந்த ஒரு சொல்லைப் பார்த்ததும் பெண்ணுக்குத் தன் உடம்பிலேயே பழுது என்று தோன்றிவிடுகிறது. மாமியார் வீட்டுக்குச் சொல்வதா வேண்டாமா என்ற யோசனை தொடங்கிவிடுகிறது. குழந்தை தங்காததற்குக் கிரகணத்தையும் சகுனத்தையும் காரணம் சொன்ன வீட்டில், இப்போது பழிபோட ஒரு விஞ்ஞானச் சொல் கிடைத்துவிட்டது.

அவளுக்கு முதலில் சொல்ல வேண்டியது, இது நோய் இல்லை என்பது. உலகில் கோடிக்கணக்கானவர்களிடம் இந்த மாற்றம் இருக்கிறது. 1298 மாற்றம் நம் நாட்டில் மிகச் சாதாரணம். தனியாக அதனால் உடல்நலத்துக்குப் பெரிய கேடு எதுவும் கண்டறியப்படவில்லை. 677 மாற்றம் இரட்டையாக அமைந்தவர்கள் தென்னிந்தியாவில் குறைவு. மனைவியிடம் பார்ப்பதுபோல் கணவரிடமும் பார்த்தால் அவரிடமும் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. ஆனால் பரிசோதனைக்கு ரத்தம் கொடுப்பவள் எப்போதும் அவள்தான்.

இந்த மரபணு செய்யும் வேலை என்ன? கீரையிலும் பயறிலும் இருந்து வரும் ஃபோலேட் என்ற பி வைட்டமின், உடம்புக்குள் போனதும் பல உருவம் மாறுகிறது. அதன் கடைசி உருவம் மெத்தில் ஃபோலேட். அந்தக் கடைசி மாற்றத்தைச் செய்யும் நொதியைத் தயாரிக்கும் குறிப்புதான் எம்.டி.எச்.எஃப்.ஆர். மரபணு. 677-இல் மாற்றம் இருந்தால் நொதி கொஞ்சம் மந்தமாகும். 1995-இல் கனடாவின் மாண்ட்ரியலில் ரீமா ரோசன் குழுவினர் இதைக் கண்டறிந்து வெளியிட்டார்கள். மாற்றம் ஒற்றையாக இருந்தால் நொதி ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வேலை செய்யும்; இரட்டையாக இருந்தால் மூன்றில் ஒரு பங்கு.

ஃபோலேட்டை மாத்திரையாகத் தருவதுதான் ஃபோலிக் ஆசிட். இங்கேதான் தவறான முடிவுக்குப் பலர் தாவுகிறார்கள். 'நொதி மந்தம், ஆகவே சாதாரண ஃபோலிக் ஆசிட் மாத்திரை உன் உடம்பில் சேராது, விலை கூடிய மெத்தில் ஃபோலேட்தான் வேண்டும்.' கேட்பதற்குப் பொருத்தமாக இருக்கிறது. ஆனால் ரத்தத்தில் அளந்து பார்த்தால் கணக்கு வேறு. ஒரே அளவு ஃபோலிக் ஆசிட் சாப்பிட்டவர்களில், 677 இரட்டை மாற்றம் உள்ளவர்களின் ரத்த ஃபோலேட், மாற்றமே இல்லாதவர்களைவிட 16 சதவீதம் அளவுக்குத்தான் குறைகிறது. அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் இதைத் தெளிவாகவே சொல்கிறது: இந்த மாற்றம் உள்ளவர்களும் ஃபோலிக் ஆசிட் உட்பட எல்லா வகை ஃபோலேட்டையும் பயன்படுத்திக்கொள்ள முடியும். இன்னொன்றும் உண்டு. கரு வளரும்போது செல்கள் பெருகுவதற்கு டி.என்.ஏ. கட்ட வேண்டும், அதற்குத் தேவையான ஃபோலேட் உருவம் இந்த நொதிக்கு முந்தைய படியிலேயே கிடைத்துவிடுகிறது.

எனக்கு இந்த விஷயத்தில் எல்லாவற்றையும்விட உறுதியான சான்றாகப் படுவது சீனாவில் நடந்தது. வட சீனாவில் 677 இரட்டை மாற்றம் சாதாரணம். ஐந்து பேரில் ஒருவருக்கு உண்டு. மூளையும் தண்டுவடமும் சரியாக மூடாமல் பிறக்கும் குழந்தைகளும் அங்கே அதிகம். அந்தப் பகுதியிலும் தெற்கிலுமாக ஏறக்குறைய இரண்டரை லட்சம் பெண்களைப் பின்தொடர்ந்த ஆய்வு 1999-இல் வெளியானது. கொடுத்தது மெத்தில் ஃபோலேட் அல்ல. நாளுக்கு 400 மைக்ரோகிராம் சாதாரண ஃபோலிக் ஆசிட், வேறு எதுவும் சேர்க்காமல். கருத்தரிப்புக்கு முன்பிருந்தே அதைச் சாப்பிட்டவர்களிடம், வட பகுதியில் ஆயிரத்துக்கு 4.8 ஆக இருந்த பாதிப்பு 1.0 ஆக இறங்கியது. மரபணு மாற்றம் அதிகமாக இருந்த இடத்தில்தான் சாதாரண மாத்திரை மிக நன்றாகப் பலித்திருக்கிறது. மெத்தில் ஃபோலேட்டும் ரத்தத்தில் ஃபோலேட் அளவை உயர்த்தும். டாக்டர் எழுதிக் கொடுத்து ஏற்கெனவே சாப்பிடுகிறவர்கள் பதற வேண்டியதில்லை. ஆனால் குழந்தையின் தண்டுவடத்தைக் காக்கும் என்று ஆயிரக்கணக்கான பெண்களிடம் சோதித்து நிரூபிக்கப்பட்டது ஃபோலிக் ஆசிட் மட்டும்தான். அது மெடிக்கல் ஷாப்பில் சில ரூபாய்க்குக் கிடைக்கிறது.

இந்த மாத்திரையின் கதையில் தமிழ்நாட்டுக்கு இருக்கும் பங்கை இங்கே எத்தனை பேர் அறிவார்கள் என்று தெரியவில்லை. 1928-இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். அங்கே துணி ஆலைகளில் வேலை பார்த்த கர்ப்பிணிப் பெண்கள் கடுமையான ரத்தசோகையில் விழுந்து இறந்துகொண்டிருந்தார்கள். வழக்கமான இரும்புச்சத்துக் குறைவு அல்ல அது. ரத்த அணுக்கள் அளவுக்கு மீறிப் பெருத்துக் கிடந்தன. 1929-இல் சில மாதங்கள் அவர் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்துக்கு வந்து ஆய்வைத் தொடர்ந்தார். ராபர்ட் மெக்காரிசன் அங்கே ஊட்டச்சத்து ஆராய்ச்சியை நடத்திக்கொண்டிருந்த காலம். 1931-இன் தொடக்கத்தில் சென்னைத் திருவல்லிக்கேணியில், இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்றும் பழகிய நாக்குக்குக் 'கோஷா ஆஸ்பத்திரி' என்றும் இருக்கும் அதே இடத்தில் பணியாற்றினார். மருந்து அகப்பட்ட இடம் எதிர்பாராதது. மதுவடிக்கும் ஈஸ்ட்டிலிருந்து எடுக்கும் மார்மைட் என்ற மலிவான சாறு. அதைக் கொடுத்ததும் அந்தப் பெண்கள் தேறினார்கள். 1931-இல் அவர் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகு, அதிலிருந்த இன்னதென்று தெரியாத பொருளை 'வில்ஸ் காரணி' என்றார்கள். பத்து வருடம் கழித்து 1941-இல் அமெரிக்காவில் பசலைக்கீரையிலிருந்து பிரித்தெடுத்து ஃபோலிக் ஆசிட் என்று பெயரிட்டது அந்தப் பொருளைத்தான்.

அதை மாத்திரையாக்கும் வழியைத் திறந்தவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். பீமவரத்தில் பிறந்த எல்லப்பிரகடா சுப்பாராவ். ஸ்ப்ரூ என்ற வயிற்று நோய்க்குச் சகோதரர்களைப் பறிகொடுத்தவர். தானும் அதே நோயில் விழுந்து எழுந்தவர். நியூயார்க் அருகே லெடர்லே நிறுவனத்தில் அவர் தலைமையில் இயங்கிய குழு 1945-இல் ஃபோலிக் ஆசிட்டைச் செயற்கையாகத் தயாரித்தது. அது ஸ்ப்ரூ நோய்க்கும் மருந்தானது. அந்த நிறுவனம் கைமாறிக் கைமாறி ஃபைசருக்குப் போய்விட்டது. புதுக்கடை ஜங்ஷனிலும் கேட்டதும் எடுத்துக் கொடுக்கும் ஃபோல்விட், அந்த லெடர்லே வைத்த பெயர். மஞ்சள் நிறத்தில் சின்னஞ்சிறு மாத்திரை.

ரத்தசோகை மருந்தாகப் பிறந்தது கருவைக் காக்கும் மருந்தானது 1991-இல். பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 7 நாடுகளில் 33 மையங்களில் நடத்திய சோதனை அது. முந்தைய பிரசவத்தில் தண்டுவடக் குறையுள்ள குழந்தையைப் பெற்ற பெண்களுக்கு, அடுத்த கர்ப்பத்துக்கு முன்பே நாளுக்கு 4 மில்லிகிராம் ஃபோலிக் ஆசிட் கொடுத்தார்கள். மாத்திரை சாப்பிடாதவர்களில் 3.5 சதவீதம் பேருக்குப் பாதிப்பு மீண்டும் வந்தது. சாப்பிட்டவர்களில் 1 சதவீதம். பலன் அவ்வளவு தெளிவாக இருந்ததால் சோதனையை நடுவிலேயே நிறுத்திவிட்டு முடிவை அறிவித்தார்கள்.

இனி இந்த விஷயத்தின் உயிர்நாடிக்கு வருகிறேன். மரபணு ரிப்போர்ட்டால் எதுவும் கெட்டுப்போவதில்லை, நாள்கணக்கில்தான் கெட்டுப்போகிறது.

கருத்தரித்து மூன்றாவது வாரத்தில் கரு என்பது ஓர் அரிசிமணியைவிடச் சிறிய தட்டு. அதன் முதுகுப்புறத்தில் ஒரு பள்ளம் விழுகிறது. பள்ளத்தின் இரண்டு கரைகளும் எழும்பி, வெயிலில் வாடிய வாழையிலை விளிம்புகள் உள்நோக்கிச் சுருள்வதுபோல் ஒன்றையொன்று நோக்கி வளைந்து சேர்கின்றன. முதலில் கழுத்துப் பகுதியில் ஒட்டும். அங்கிருந்து மேலேயும் கீழேயும் மூடிக்கொண்டே போகும். 25-ஆம் நாள் வாக்கில் தலைப்பக்கம் மூடும். 28-ஆம் நாள் வாக்கில் அடிப்பக்கம் மூடும். அந்தக் குழாய்தான் பிற்பாடு மூளையும் தண்டுவடமும். தலைப்பக்கம் மூடாவிட்டால் மூளையும் மண்டையோடும் உருவாகாத குழந்தை, அது பிழைக்காது. அடிப்பக்கம் மூடாவிட்டால் தண்டுவடப் பிளவு. நடக்கவும் சிறுநீரை அடக்கவும் வாழ்நாள் முழுவதும் போராட வேண்டிவரும். பல அறுவை சிகிச்சைகளும் வரும். இந்தியாவில் இதுவரை வந்த ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டவர்கள், பிறப்பில் ஆயிரத்துக்கு நான்கு என்ற அளவில் இந்தப் பாதிப்பு இருப்பதாகச் சொல்கிறார்கள்.

28-ஆம் நாள் என்றால் நாட்காட்டியில் எப்போது? மாதவிலக்கு தள்ளிப்போய் இரண்டு வாரம். நம் ஊரில் என்ன நடக்கிறது? நாள் தள்ளியதும் உடனே யாரும் ஆஸ்பத்திரிக்கு ஓடுவதில்லை. ஒரு வாரம் பொறுத்திருப்பார்கள். பிறகு கார்டு வாங்கிப் பார்ப்பார்கள். இரண்டு கோடு விழுந்தால் அம்மாவிடம் சொல்வார்கள். நல்ல நாள் பார்த்து டாக்டரிடம் போவார்கள். டாக்டர் முதல் சீட்டிலேயே ஃபோலிக் ஆசிட் எழுதுவார். அவர் எழுதும் நேரத்தில் அந்தக் குழாய் மூடி முடிந்திருக்கும், சரியாகவோ, சரியில்லாமலோ. கிராம சுகாதார நர்ஸ் பெயரைப் பதிவு செய்வதும், அரசு உதவித்தொகைக்கு எண் வாங்குவதும் அதற்கும் பின்னால்தான். 'ரத்தசோகை இல்லா பாரதம்' வழிகாட்டுதலில், கர்ப்பத்தின் முதல் மூன்று மாதம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட் என்றும், கருத்தரிக்கத் திட்டமிடும்போதே அதைத் தொடங்க வேண்டும் என்றும் இருக்கிறது. எழுத்தில் இருப்பதில் பின்பாதிதான் வீட்டுக்கு வந்து சேர்வதில்லை.

மேற்குக் குமரிக்கு மட்டும் ஒரு வசதி இருக்கிறது. அதை யாரும் பயன்படுத்திக்கொள்வதில்லை. இந்தப் பகுதியில் வளைகுடாவுக்குப் போன கணவன்மார் எத்தனை! லீவு ஒரு மாதமோ இரண்டு மாதமோ. பக்கத்துத் தேங்காப்பட்டணத்திலிருந்தும் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைக் கரைகளிலிருந்தும் ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் வாரக்கணக்கில் கடலில் கிடக்கிறார்கள். கணவன் என்றைக்கு வீட்டில் இருப்பான் என்பது இந்தப் பெண்களுக்கு முன்கூட்டியே தெரியும். மற்ற ஊர்ப் பெண்களுக்குக் கிடைக்காத முன்னறிவிப்பு இது. வீட்டில் பெயிண்ட் அடிக்கிறார்கள், பலகாரம் செய்கிறார்கள், ஏர்போர்ட்டுக்கு வண்டி சொல்கிறார்கள். விமான டிக்கெட் எடுத்தது தெரிந்த அன்றைக்கே அவள் தினம் ஒரு ஃபோலிக் ஆசிட் மாத்திரை போடத் தொடங்கினால் போதும். கருத்தரிப்புக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பு என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. இரண்டு மூன்று மாதம் கிடைத்தால் இன்னும் நல்லது. உடம்பில் ஃபோலேட் நிறைவதற்கு அவ்வளவு காலம் பிடிக்கும்.

சாப்பாட்டிலேயே கிடைக்காதா என்று மூத்தவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். நம் பக்கத்துப் பயறுக்கஞ்சியில் நிறைய ஃபோலேட் உண்டு. சிறுபயறும் வன்பயறும் முருங்கைக்கீரைத் துவரனும் நல்ல சேமிப்பு. மரச்சீனிக் கிழங்கில் மிகக் குறைவு. கீரையை நிறைய வெள்ளத்தில் வேகவைத்து வடித்தால் பாதி வரை அந்த வெள்ளத்தோடு போய்விடும். சாப்பாட்டு ஃபோலேட்டில் உடம்பு எடுத்துக்கொள்வதும் மாத்திரையைவிடக் குறைவு. கடந்த சில ஆண்டுகளில் ரேஷன் கடையில் வந்த செறிவூட்டிய அரிசியிலும் ஃபோலிக் ஆசிட் சேர்த்திருந்தார்கள். பலர் 'பிளாஸ்டிக் அரிசி' என்று பயந்து பொறுக்கி எறிந்தது அந்த மணிகளைத்தான். ஆனால் அதற்கான விதிப்படி ஒரு கிலோவுக்கு 75 முதல் 125 மைக்ரோகிராம்தான். நாளுக்கு 300 கிராம் அரிசி உண்டால் கிடைப்பது தேவையான 400-இல் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. கஞ்சியும் பயறும் கட்டாயம் வேண்டும். மாத்திரையும் வேண்டும்.

அடுத்தது பி12. மரபணுவைப் பற்றிக் கவலைப்படும் அளவில் கால்வாசியை இதற்குக் கொடுத்தாலே பெரிய விஷயம். மெத்தில் ஃபோலேட் தன் கையிலிருப்பதை அடுத்த கைக்கு மாற்ற பி12 கட்டாயம் தேவை. பி12 இல்லாவிட்டால் ஃபோலேட் அந்த இடத்திலேயே முடங்கிக் கிடக்கும். அப்போது எவ்வளவு விலைகூடிய மெத்தில் ஃபோலேட் வாங்கிப் போட்டாலும் அதே கதிதான். புனேயில் கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக் குழுவினர் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், ஃபோலேட் கூடுதலாகவும் பி12 குறைவாகவும் இருந்த தாய்மார்களின் குழந்தைகளுக்கு ஆறு வயதில் இன்சுலின் சரியாக வேலை செய்யாத தன்மை அதிகமாக இருந்தது.

சாளையும் நெத்தோலியும் தினசரி சட்டியில் கொதிக்கும் வீட்டில் பி12 பற்றிப் பெரிதாகப் பயப்பட வேண்டாம். சாளை அதற்குப் பேர்போன மீன். சைவ வீடுகளில் பால், தயிர் மட்டும் போதுமா என்று பரிசோதித்துப் பார்ப்பது நல்லது. மீன் சாப்பிட்டும் குறையக்கூடியவர்கள் இருக்கிறார்கள். சினைப்பையில் நீர்க்கட்டி என்று மெட்ஃபார்மின் மாத்திரை பல மாதமாகச் சாப்பிடுகிறவர்கள் அவர்களில் முக்கியம். அந்த மாத்திரை பி12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். வாயுத்தொல்லை என்று பாண்டோப்ரசோலை வருடக்கணக்கில் போடுகிறவர்களும் அப்படியே. குழந்தைக்காகக் காத்திருக்கும் பெண்களில் மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்கள் ஏராளம். பி12 பரிசோதனைக்கு ஆகும் செலவு மரபணுப் பரிசோதனையைவிடக் குறைவு. குறை இருந்தால் சரிசெய்துவிடவும் முடியும்.

அளவு பற்றியும் ஒரு வார்த்தை. நம் கடைகளில் சட்டென்று கிடைப்பது 5 மில்லிகிராம் மாத்திரை. சாதாரணப் பெண்ணுக்குத் தேவையானதைப் போல் பன்னிரண்டு மடங்குக்கும் மேல். கூடுதல் ஃபோலிக் ஆசிட், பி12 குறைவால் வரும் ரத்தசோகையை மறைத்துவிட்டு, நரம்புப் பாதிப்பை உள்ளே வளரவிடக்கூடும். அதனால்தான் சாதாரணமாக நாளுக்கு 1 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம் என்கிறார்கள். 400 மைக்ரோகிராம் என்று கேட்டே வாங்க வேண்டும். பெரிய அளவு யாருக்கு? முந்தைய கர்ப்பத்தில் தண்டுவடக் குறை வந்தவர்கள், தனக்கோ கணவருக்கோ அந்தக் குறை இருப்பவர்கள், சர்க்கரை நோயாளிகள், வலிப்புக்கு வால்ப்ரோயேட், கார்பமசெபைன் போன்ற மருந்து சாப்பிடுகிறவர்கள். இவர்களுக்கு எவ்வளவு என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். வலிப்பு மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்துவது ஆபத்து. எம்.டி.எச்.எஃப்.ஆர். மாற்றம் மட்டும் இருப்பவர்கள் இந்தப் பட்டியலில் இல்லை. அவர்களுக்கும் அதே 400தான்.

கரு கலைந்து கலைந்து போகிறவர்களிடம்தான் இந்தப் பரிசோதனை அதிகம் எழுதப்படுகிறது. அந்த வேதனையில் இருப்பவர்கள் எதை எழுதினாலும் கடன் வாங்கியாவது செய்துவிடுவார்கள். அமெரிக்க மருத்துவ மரபியல் கழகம் 2013-லேயே, தொடர் கருச்சிதைவுக்குக் காரணம் தேடும்போது எம்.டி.எச்.எஃப்.ஆர். பரிசோதனை செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அங்கே பார்க்க வேண்டியவை ஆன்டிஃபாஸ்ஃபோலிப்பிட் எதிர்ப்பொருள், தைராய்டு, கருப்பையின் அமைப்பு, தம்பதியின் குரோமோசோம். முதலில் சொன்ன அந்த எதிர்ப்பொருள் நிச்சயமாக இருந்தால் ஆஸ்பிரினும் ஹெப்பாரின் ஊசியும் உண்மையாகவே குழந்தையைக் காப்பாற்றும். மரபணுத் தாளில் ஒரு 'டி' இருப்பதற்காக மாதக்கணக்கில் வயிற்றில் ஊசி குத்திக்கொள்ளும் பெண்ணுக்கு அந்தப் பலன் எதுவும் இல்லை. 'இந்த ஊசி எதற்காக, எந்த ரிப்போர்ட்டை வைத்து?' என்று டாக்டரிடம் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

இந்த மாத்திரைச் சேதியைச் சொல்ல ஏற்ற இடம் ஆஸ்பத்திரி அல்ல என்பது என் எண்ணம். ஆஸ்பத்திரிக்கு வரும்போது காலம் கடந்துவிடுகிறது. இந்த மாவட்டத்தில் கத்தோலிக்கத் தம்பதிகள் கல்யாணத்துக்கு முன் திருமணத் தயாரிப்பு வகுப்புக்குப் போகிறார்கள். அந்த வகுப்பில் ஐந்து நிமிடம் போதும். சி.எஸ்.ஐ. சபைகளிலும் ஜமாஅத்திலும் கோயில் கமிட்டியிலும், கல்யாணத்துக்குப் பெயர் பதிய வருகிறவர்களிடம் ஒரு துண்டுச்சீட்டு கொடுக்கலாம். பதிவு அலுவலகத்தில் சான்றிதழோடு மூன்று மாத மாத்திரையும் கொடுத்தால் அரசுக்கு ஆகும் செலவு மிகச் சொற்பம். தண்டுவடப் பிளவோடு பிறந்த ஒரு குழந்தையின் முதல் அறுவை சிகிச்சைச் செலவில் ஆயிரக்கணக்கான மணப்பெண்களுக்கு மாத்திரை வாங்கிவிடலாம்.

ஏற்கெனவே அப்படி ஒரு குழந்தையை இழந்தவர்களுக்கு மட்டும் தனியாகச் சில வார்த்தை. ஐந்தாம் மாத ஸ்கேனில் விஷயம் தெரிந்து, யாரிடமும் சொல்லாமல் அழுது தீர்த்த தாய்மார் நம் பக்கத்திலும் இருக்கிறார்கள். அந்த ஸ்கேன் ரிப்போர்ட்டையும் டிஸ்சார்ஜ் சீட்டையும் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். அடுத்த குழந்தைக்கு நினைக்கும்போது, கருத்தரிப்பதற்கு மூன்று மாதம் முன்பே அதை எடுத்துக்கொண்டு மகப்பேறு டாக்டரிடம் போங்கள். கணவரும் கூடப் போகட்டும். '4 அல்லது 5 மில்லிகிராம் எனக்குத் தேவையா?' என்று நீங்களே கேளுங்கள். பி12, சர்க்கரை இரண்டையும் அன்றைக்கே பார்த்துவிடுங்கள். கருத்தரித்துப் பன்னிரண்டு வாரம் வரை அந்த மாத்திரை. பிறகு எல்லாக் கர்ப்பிணிகளையும்போல் இரும்புச்சத்து மாத்திரை. ஸ்கேனைப் பதினெட்டு முதல் இருபது வாரத்துக்குள் தவறாமல் எடுத்துவிடுங்கள். அந்த டாக்டரிடம் போகும்போது மரபணு ரிப்போர்ட் கையில் இல்லை என்பதற்காக யாரும் தயங்க வேண்டியதில்லை.